டிக்... டிக்... டிக்!

கார் ஓட்டுகிறீர்கள். இடது பக்கம் திரும்ப வேண்டும். என்ன செய்வீர்கள்? ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியை ஒரு விரலால் தட்டுவீர்கள். டிக்... டிக்... டிக்... திரும்பி முடித்ததும் குச்சி தானாகவே பழைய இடத்துக்கு வந்துவிடும். இதற்கு நடுவே எதிர்ஸீட்காரரோடு அரட்டையைக்கூட நீங்கள் நிறுத்தியிருக்க மாட்டீர்கள்.

அந்தக் குச்சிக்குப் பின்னால் ஒரு சினிமா நட்சத்திரம் இருக்கிறார் என்றால் நம்புவீர்களா? அதுவும் உலகின் முதல் சினிமா நட்சத்திரம் என்று பட்டம் பெற்றவர்!

பெயர் ஃப்ளாரன்ஸ் லாரன்ஸ். 1886-ல் கனடாவின் ஹாமில்டன் நகரில் பிறந்தவர். மௌனப்படக் காலம். அன்றைக்கு நடிகர் நடிகைகளின் பெயரை யாரும் வெளியே சொல்வதில்லை. பெயர் தெரிந்தால் புகழ் வரும், புகழ் வந்தால் சம்பளம் கேட்பார்கள் என்று முதலாளிகளுக்குப் பயம் (அந்தப் பயம் எவ்வளவு சரி என்பதைப் பிற்காலம் காட்டியது!). பயோகிராஃப் என்கிற கம்பெனியின் படங்களில் வந்ததால் ரசிகர்கள் அவரை 'பயோகிராஃப் பெண்' என்றுதான் அழைத்தார்கள். 1909-ல் கார்ல் லேம்லி என்ற தயாரிப்பாளர் அவரைத் தன் கம்பெனிக்கு இழுத்துக்கொண்டார். சும்மா இழுக்கவில்லை. அந்த நடிகை டிராம் வண்டியில் அடிபட்டுச் செத்துப்போனார் என்று முதலில் ஒரு வதந்தி. பிறகு, 'அது பொய், அவர் நம்மோடு நலமாக இருக்கிறார்' என்று பத்திரிகையில் லேம்லியே விளம்பரம்! செயின்ட் லூயி நகரத்துக்கு அவரை நேரில் அழைத்துப் போனபோது கூட்டம் முண்டியடித்தது. ஸ்டார் என்ற ஜாதி பிறந்தது இப்படித்தான்.

நமக்கு வேண்டியது அந்த ஸ்டார் அல்ல. அவர் வாங்கிய கார். கார் என்பதே பணக்கார ஆண்களின் பொம்மையாக இருந்த அந்த நாட்களில் ஃப்ளாரன்ஸ் சொந்தமாகக் கார் வாங்கினார். தானே ஓட்டினார். பானெட்டைத் திறந்து உள்ளே கையும் விட்டார். அப்படி ஓட்டியபோதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. முன்னால் போகிற ஆள் அடுத்த நொடி என்ன செய்யப்போகிறான் என்பது பின்னால் வருகிறவனுக்குத் தெரியவே தெரியாது.

அப்போது இருந்த ஒரே வழி கைதான். அமெரிக்காவில் டிரைவர் உட்காருவது இடது பக்கம். இடது கையை ஜன்னலுக்கு வெளியே நேராக நீட்டினால் இடது பக்கம் திரும்புகிறேன் என்று அர்த்தம். முழங்கையை மடக்கி மேலே தூக்கினால் வலது. கீழே தொங்கவிட்டால் நிற்கப்போகிறேன். நம் ஊரிலும் 1989-ம் வருட சாலை விதிமுறைகளில் கை சிக்னல்களுக்குத் தனி இடம் இருந்தது. லாரியில் இடது பக்கம் கிளீனர் கையை வெளியே போட்டு ஆட்டிக்கொண்டே வருவதைப் பார்க்காதவர்கள் உண்டா? (ஆட்டோ டிரைவர் காலை நீட்டுவாரே, அது எந்த விதிமுறையிலும் கிடையாது. அது கலை!)

பகலில், வெயிலில், கை காட்டுவது பரவாயில்லை. ராத்திரியில்? மழையில்? டெட்ராய்ட் பக்கம் ஜனவரி மாதப் பனியில் ஜன்னலைத் திறந்து கையை நீட்டினால் விரல் விறைத்துவிடும். கையை வெளியே விட்டால் ஸ்டீயரிங்கில் மிச்சம் இருப்பது ஒரே கை. அதே கைதான் கியரும் போடவேண்டும்.

1914 வாக்கில் ஃப்ளாரன்ஸ் ஒரு கருவி செய்தார். காரின் பின்பக்க மட்கார்டில் ஒரு கைகாட்டி. உள்ளே பட்டனை அழுத்தினால் மின்சாரத்தில் அது ஏறும், இறங்கும். இன்னொன்றும் செய்தார். பிரேக்கை மிதித்தால் காரின் பின்னால் 'ஸ்டாப்' என்று எழுதிய பலகை எழுந்து நிற்கும். இன்றைய இண்டிகேட்டர், பிரேக் லைட் இரண்டுக்கும் பெரியம்மா முறை வேண்டும் இவை. இந்த எண்ணம் அவருக்கு மட்டும்தான் வந்தது என்று சொல்ல முடியாது. பெர்ஸி டக்ளஸ் ஹாமில்டன் என்பவர் கை வடிவத்தில் ஒரு கருவிக்கு 1907-லேயே காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தார். அவர் விவரமானவர், எழுதி வைத்தார். ஃப்ளாரன்ஸ் எதையும் பதிவு செய்யவில்லை.

அவருடைய அம்மா ஷார்லட் பிரிட்ஜ்வுட் கொஞ்சம் உஷார். மின்சாரத்தில் ஓடும் வைப்பர் ஒன்றுக்கு 1917-ல் காப்புரிமை வாங்கினார். அதுவும் சில வருடங்களில் காலாவதியானது. அம்மாவுக்கும் பணம் வரவில்லை, மகளுக்கும் வரவில்லை. 1929 பங்குச்சந்தைச் சரிவு கையில் இருந்ததைக் கொண்டுபோனது. 1930-களில் எம்.ஜி.எம். ஸ்டூடியோவில் துண்டு வேடங்கள். தீராத நோய் வேறு. 1938, டிசம்பர் 28 அன்று ஃப்ளாரன்ஸ் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். ஹாலிவுட்டில் புதைத்த இடத்தில் பெயர்ப்பலகைகூட இல்லை. 1991-ல்தான் யாரோ ஒரு நடிகர் பணம் கொடுத்துக் கல் வைத்தார். 'பயோகிராஃப் பெண், முதல் சினிமா நட்சத்திரம்' என்று அதில் இருக்கிறது. கைகாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அமெரிக்காவில் கார் கம்பெனிகள் அடுத்த வருடத்து மாடலை முந்தைய வருட இறுதியிலேயே கடைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். 1939-ம் வருட பியூக் கார் 1938-ன் கடைசி மாதங்களில் விற்பனைக்கு வந்தது. அதில் ஒரு புதுமை. கம்பெனியிலேயே பொருத்தி வந்த, விட்டுவிட்டு எரியும் திருப்ப விளக்கு! ஆம், ஃப்ளாரன்ஸ் செத்த அதே குளிர்காலம்.

அந்த முதல் வருடம் விளக்கு பின்பக்கம் மட்டும்தான். 1940 மாடலில் முன்பக்கமும் வந்தது. கூடவே, திரும்பியதும் தானாக அணையும் ஏற்பாடும் வந்தது. ஐரோப்பாவில் அப்போதும், அதற்குப் பிறகும் பல வருடம், காரின் பக்கவாட்டிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே துள்ளும். 'டிராஃபிகேட்டர்' என்று பெயர். பழைய மோரிஸ் மைனர் வைத்திருந்த தாத்தா யாராவது உங்கள் வீட்டில் இருந்திருந்தால் கதை கதையாகச் சொல்லியிருப்பார். அடிக்கடி மாட்டிக்கொள்ளும். உள்ளேயிருந்து ஒரு தட்டு தட்ட வேண்டும்.

சரி, சொகுசுக் காருக்கு விளக்கு வந்தாயிற்று. உழைக்கிற வண்டிக்கு?

பிக்கப் என்று அமெரிக்கர்கள் சொல்கிற வண்டி, முன்னால் காராகவும் பின்னால் குட்டி லாரியாகவும் இருக்கும். ஃபோர்டு கம்பெனி 1925 ஏப்ரலில் தன் மாடல் டி காரின் பின்னால் ஒரு பெட்டியை வைத்து 281 டாலருக்கு விற்றதிலிருந்து அங்கே விவசாயி, தச்சர், பிளம்பர் எல்லோருக்கும் அதுதான் மாட்டுவண்டி. ஆனால் பிக்கப் வாங்குகிறவனுக்கு எதற்கு சொகுசு என்று கம்பெனிகள் நினைத்தன போலிருக்கிறது. 1950-களின் தொடக்கம் வரை பல பிக்கப்புகளில் இண்டிகேட்டர் என்பது தனிக்காசு கொடுத்து வாங்கும் சமாசாரம். ஸ்டீயரிங் தண்டின் மேல் பட்டை போட்டு முறுக்கிவிடும் ஒரு ஸ்விட்ச் கடையில் கிடைக்கும். அதிலிருந்து வயர்க்கூட்டம் ஒன்று வெளியே தொங்கும். தானாக அணையாது. நீங்கள்தான் ஞாபகமாக அணைக்க வேண்டும். ஆனால் ஒரு சௌகரியம். கெட்டுப்போனால் இரண்டு திருகைத் தளர்த்தினால் கையோடு வந்துவிடும். புதுசை மாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

பிறகு ஸ்விட்ச் ஸ்டீயரிங் தண்டுக்கு உள்ளே குடிபோனது. அங்கேதான் வில்லங்கம் ஆரம்பம்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நம் ஊர் வண்டிகளில் பின்பக்க இண்டிகேட்டர் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறம். பிரேக் லைட் சிவப்பு. இரண்டும் தனித்தனி பல்பு, தனித்தனி வயர். அமெரிக்காவில் காசை மிச்சம் பிடிக்க ஒரு தந்திரம் செய்தார்கள். பின்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சிவப்பு விளக்கு. பிரேக் மிதித்தால் நிலையாக எரியும். இண்டிகேட்டர் போட்டால் அதே விளக்கே விட்டுவிட்டு எரியும். ஒரே பல்புக்கு இரண்டு வேலை! அதைப் பிரித்துக் கொடுப்பது யார்? ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் அதே இண்டிகேட்டர் ஸ்விட்ச்தான். பிரேக் மின்சாரம் பெடலிலிருந்து நேராகப் பின்னால் போவதில்லை. முதலில் ஸ்டீயரிங் தண்டுக்குள் ஏறி, ஸ்விட்சின் சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகளைத் தொட்டு, பிறகு இறங்கி, பின்னால் போகிறது. இடது இண்டிகேட்டர் போட்டால், ஸ்விட்ச் இடது விளக்கை பிரேக் வயரிலிருந்து கழற்றி ஃப்ளாஷரோடு சேர்க்கும்.

ஃப்ளாஷர் என்பது அந்த 'டிக் டிக்' பெட்டி. உள்ளே இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு தகடு. மின்சாரம் பாய்ந்தால் சூடாகி வளைந்து தொடர்பை விடும். ஆறினால் மறுபடி தொடும். இந்த வளைவு நெளிவின் சத்தம்தான் நாம் கேட்டுப் பழகியது. நிமிஷத்துக்கு 60-லிருந்து 120 முறை என்பது கணக்கு. (இப்போதைய கார்களில் தகடும் கிடையாது, வளைவும் கிடையாது. ஆனால் சத்தம் இல்லாவிட்டால் நமக்குத் தூக்கம் வராதே... பலவற்றில் ஸ்பீக்கர் மூலம் பொய்யாக 'டிக் டிக்' போடுகிறார்கள்!)

தகடு தேய்ந்தால் என்ன ஆகும் என்று இப்போது யோசியுங்கள். இண்டிகேட்டர் எரியாது, பரவாயில்லை, கையைக் காட்டலாம். கூடவே பிரேக் லைட்டும் போகும்! ஒரு பக்கம் போகலாம், இரண்டு பக்கமும் போகலாம். உள்ளே உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு ஒன்றுமே தெரியாது. பின்னால் வருகிறவனுக்கு முன்னால் போகிற வண்டி நிற்பதே தெரியாது. பின்கண்ணாடிக்கு நடுவில் மூன்றாவதாக ஒரு பிரேக் லைட் இருக்கிறதே, அதன் வயர் பெரும்பாலும் இந்த ஸ்விட்ச் பக்கம் வராது. அது காப்பாற்றும். ஆனால் அமெரிக்காவில் அதைக் கார்களுக்குக் கட்டாயமாக்கியது 1986 மாடலிலிருந்து. பிக்கப்புகளுக்கு? 1994 மாடலிலிருந்து. அதற்கு முந்தைய பிக்கப்பில் இருப்பது இரண்டே விளக்கு. இரண்டும் ஒரே பிளாஸ்டிக் ஸ்விட்சை நம்பிப் பிழைத்தன.

சிவப்பா, ஆரஞ்சா என்ற சண்டை அங்கே இன்னும் ஓயவில்லை. முன்பக்க விளக்கை மட்டும் 1960-களில் வெள்ளையிலிருந்து ஆரஞ்சுக்கு மாற்றினார்கள். பின்பக்கம் சிவப்புக்கு இன்றும் அனுமதி உண்டு. 2009-ல் அவர்களுடைய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பே கணக்கெடுத்தது. ஆரஞ்சு விளக்கு உள்ள வண்டிகளில், திரும்பும் நேரத்தில் பின்னாலிருந்து இடி வாங்குவது 5.3 சதவீதம் குறைவு என்று தெரிந்தது. தெரிந்தும் சட்டம் மாறவில்லை. எனக்குக் கேட்டால், ஒரு பல்பின் விலைக்காக இத்தனை வருடம் பிடிவாதம் பிடிப்பது அநியாயம்.

இப்போது உங்களை ஒரு சனிக்கிழமைக்கு மட்டும் அமெரிக்க விவசாயி ஆக்குகிறேன். வருடம் 1990 என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் 1980-களின் ஷெவர்லே பிக்கப். இடது இண்டிகேட்டர் எரியவில்லை. மெக்கானிக்கிடம் போனால் நாள் பூராவும் போய்விடும், காசும் போய்விடும். ஆகவே நீங்களே இறங்குகிறீர்கள். அந்த ஊரில் இது சகஜம். சில்டன், ஹேன்ஸ் என்று வண்டிக்கு வண்டி தடித்தடியாகப் புத்தகம் உண்டு. வண்டியை முழுசாகப் பிரித்துப்போட்டு, திரும்பச் சேர்த்துப் பார்த்து எழுதுவது ஹேன்ஸ் கம்பெனியின் பழக்கம்.

முதலில் பல்பை மாற்றினீர்கள். எரியவில்லை. ஃப்யூஸ் பார்த்தீர்கள். சரியாக இருக்கிறது. பிரேக்கை மிதித்தால் வலது எரிகிறது, இடது இல்லை. அலுத்துப்போய் இண்டிகேட்டர் குச்சியை லேசாக ஆட்டுகிறீர்கள்... சட்டென்று இடது பிரேக் லைட் எரிகிறது! விட்டால் போகிறது. ஆள் அகப்பட்டான்.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். இது முதல் வேலை. ஸ்டீயரிங் நடுவில் உள்ள ஹார்ன் மூடியைப் பிடுங்கினால் கீழே ஒரு பெரிய நட்டு. அதைக் கழற்றும் முன்பு, தண்டிலும் சக்கரத்திலும் ஒரே நேர்கோட்டில் ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு வண்டி நேராகப் போகும், ஸ்டீயரிங் மட்டும் கோணலாக நிற்கும். நட்டு வந்ததும் சுத்தியலைத் தேடாதீர்கள். விபத்தில் டிரைவரின் நெஞ்சைக் குத்தாமல் மடங்கிக்கொள்ளும்படி செய்த தண்டு அது. 1960-களின் கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் ஆரம்பித்து பிக்கப்புகளுக்கும் வந்தது. உள்ளே உடைவதற்கென்றே வைத்த பிளாஸ்டிக் ஊசிகள் இருக்கும். ஓங்கி ஒரு அடி அடித்தால் விபத்து இல்லாமலே தண்டு மடங்கிவிடும்! புல்லர் போட்டுத்தான் இழுக்க வேண்டும்.

சக்கரம் வந்ததும் ஒரு வட்டத் தகடு. சாவியை எடுத்தால் ஸ்டீயரிங்கைப் பூட்டுகிற தகடு, திருடனுக்காக. அதன் கீழே முரட்டு ஸ்பிரிங். தகட்டை அமுக்கிப் பிடிக்க அதற்கென்று ஒரு கருவி உண்டு. அமுக்கிக்கொண்டே, தண்டைச் சுற்றியுள்ள சின்ன வளையத்தை ஸ்க்ரூடிரைவரால் நெம்ப வேண்டும். இந்த வளையத்துக்கு இறக்கை உண்டு. பறந்து எங்கே விழுந்தது என்று மத்தியானம் வரை தேடியவர்கள் ஏராளம். மேலே ஒரு துணியைப் போட்டு மூடிக்கொள்ளுங்கள்.

தகட்டுக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் துண்டுதான் இண்டிகேட்டரைத் தானாக அணைக்கும் ஆசாமி. ஸ்டீயரிங் திரும்பி வரும்போது இதன் புடைப்பு ஸ்விட்சின் நாக்கைத் தட்டிவிடும். 1940 பியூக்கில் வந்த வித்தையின் பேரப்பிள்ளை. அதை எடுத்தால் கடைசியில் ஸ்விட்ச் தரிசனம். மூன்று திருகு. குச்சிக்கு ஒன்று. எமர்ஜென்சி விளக்குக் குமிழுக்கு ஒன்று.

ஆச்சு என்று நினைப்பீர்கள். ஆகவில்லை. ஸ்விட்சிலிருந்து புறப்படும் வயர்கள் தண்டின் உள்வழியாகவே இறங்கி, டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு தட்டையான பிளக்கில் முடிகின்றன. பழசை உருவி எடுத்துவிட்டால் புதுசை அந்தச் சந்துக்குள் எப்படி நுழைப்பது? இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், ஒரு முழம் கயிறு போதும். கீழே பிளக்கைக் கழற்றி, அதன் வாலில் நீளமான கயிற்றைக் கட்டி, மேலே இருந்து மெதுவாக இழுங்கள். ஸ்விட்ச் வெளியே வரும்போது கயிறு தண்டுக்குள் தங்கிவிடும். புது ஸ்விட்சின் பிளக்கை அதே கயிற்றில் கட்டிக் கீழே இருந்து இழுத்தால் சமர்த்தாக இறங்கும். வேட்டிக்கு, பாவாடைக்கு நாடா கோக்கத் தெரிந்த யாருக்கும் இது சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் ஏர்பேக் இல்லாத காலத்து வண்டிக்கு. அமெரிக்காவில் 1998 செப்டம்பரிலிருந்து பிக்கப்புகளுக்கும் ஏர்பேக் கட்டாயம். ஸ்டீயரிங் நடுவில் வெடிக்கத் தயாராக ஒரு பை இருக்கிறது, விளையாடக் கூடாது. பேட்டரியைக் கழற்றிய பிறகும் புத்தகம் சொல்கிற நேரம் காத்திருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், 1990-களின் ஃபோர்டு பிக்கப் போன்றவற்றில் வேலை சுலபமாகிவிட்டது. தண்டின் மேல் உறையைக் கழற்றினாலே ஸ்விட்ச் கைக்கு வந்துவிடும். அதற்கடுத்த தலைமுறையில் குச்சி வெறும் தகவல் சொல்லும் தூதுவன். விளக்கை ஏற்றுவது கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டரோடு பேசும் உரிமை கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு மட்டுமா, வாங்கினவனுக்கும் உண்டா என்ற சண்டையில் மாசசூசெட்ஸ் மக்கள் 2012-ல் ஓட்டுப்போட்டு, வாங்கினவன் பக்கம் நின்றார்கள்.

அதே 2012-ல் ஓஹாயோக்காரரான ஒரு பொறியாளர் சாலையோரம் நின்று சுமார் 12,000 வண்டிகளைக் கவனித்தார். லேன் மாறுகிறவர்களில் 48 சதவீதம் பேர் இண்டிகேட்டரே போடவில்லை, போட்டுவிட்டு அணைக்க மறந்தவர்களையும் சேர்த்து! அத்தனை பேருக்குமா ஸ்விட்ச் கெட்டுப்போயிருக்கும்?

நம் சனிக்கிழமைக்குத் திரும்புவோம். கழற்றிய வரிசையைத் தலைகீழாகப் போட்டு எல்லாவற்றையும் மாட்டியாயிற்று. வளையம் அதன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று இரண்டு முறை பார்த்தாயிற்று. கிழித்த கோடுகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. பேட்டரி மாட்டியாயிற்று. இனி நீங்கள் மட்டும் போதாது. பின்னால் நின்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். வீட்டுக்காரியையோ, பள்ளிக்கூடம் இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும் பையனையோ கூப்பிடுங்கள். பிரேக்கை மிதியுங்கள். இரண்டும் எரிகிறதா? எரிகிறது. மிதித்த காலை எடுக்காமல் இடது இண்டிகேட்டரைப் போடுங்கள். இடது விட்டுவிட்டு எரிய வேண்டும், வலது அசையாமல் எரிய வேண்டும். பிறகு வலது பக்கம் போட்டுப் பாருங்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பி நேராக்குங்கள், குச்சி தானாக விழ வேண்டும்.

"விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. மறுபடியும் பிரேக் போடு, நான் இன்னொரு தடவை பார்க்கிறேன்."